கூலண்ட் குளிர் நாட்டுக்காரனுக்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். இல்லாதவர்கள் கார் வைத்திருக்கும் மச்சான்மாருக்கு அனுப்பிவிடுங்கள்.

புதன்கிழமை இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு சேரின் கார் பற்றிப் பேச்சு வந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட வேண்டியிருக்கிறதாம். "கூலண்ட் மாற்றி எவ்வளவு காலம் சேர்?" என்று கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் பனி கொட்டுற நாட்டுக்காரனுக்கு. எங்கட வெயிலுக்குத் தண்ணி காணும்" என்றார். பக்கத்தில் இருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் என்னைப் போல விஞ்ஞானம் படிப்பிப்பவர்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் யாராவது கேட்டிருந்தால் நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

கல்வியியற் கல்லூரியில் இருந்தபோது வெப்பம் பற்றி ஒரு மாதிரிப் பாடம் எடுத்தேன். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு அதிகம், ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4200 யூல் தேவை, ஆகவேதான் வாகன எஞ்சினைக் குளிர்விக்க நீரைப் பயன்படுத்துகிறார்கள் என்று கரும்பலகையில் ரேடியேட்டர் படமும் கீறினேன். விரிவுரையாளர் நல்ல புள்ளி போட்டார். அந்த வசனத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் 2017இல் வாங்கிய பழைய ஜப்பான் காருக்கு ஆறு வருடம் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன்.

2023இல் உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கண்டிக்குக் கூட்டிப் போனோம். சுபஹ் தொழுதுவிட்டு அம்பாறை, மஹா ஓயா, மஹியங்கனை வழியாகப் பயணம். காரில் ஐந்து பேர், ஏசி போட்டிருந்தோம், டிக்கி நிறையச் சாமான். ஹசலக்க தாண்டி அந்தப் பதினெட்டு வளைவு ஏறத் தொடங்கினால் வண்டி இரண்டாம் கியரை விட்டு இறங்காது என்பது போனவர்களுக்குத் தெரியும். என் காரில் சூடு காட்டும் முள் கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. இடையில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிவப்பு எரிந்தபோது பத்தாவது வளைவோ பதினோராவதோ, ஞாபகம் இல்லை. "மேலே போய் நிப்பாட்டுவோம்" என்று இன்னும் இரண்டு வளைவு ஏறினேன். அந்த இரண்டு வளைவுக்குத்தான் பிறகு காசு கட்டினேன்.

ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தி, பொனட்டைத் திறந்து, துவாயைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். கடையிலிருந்த வயதான ஐயா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "மஹத்தயா, தென் அரின்ன எபா." இப்போது திறக்க வேண்டாம். அவர் சட்டையின் கையை உயர்த்தி முன்னங்கையில் ஒரு பழைய சூட்டுத் தழும்பைக் காட்டினார். மேற்கொண்டு பேச்சுத் தேவைப்படவில்லை.

அன்று உம்மா பஸ்ஸில் கண்டிக்குப் போனார்கள், தம்பியோடு. நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அடுத்த தவணை மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. உம்மா ஒன்றும் ஏசவில்லை. "கார் சரியில்லண்டு சொல்லியிருந்தா விடியவே பஸ்ஸில வந்திருப்பமே மனே" என்று மட்டும் சொன்னார்கள். ஏசியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஒரு கராஜில் போட்டோம. ஹெட்டைக் கழற்றிய பாஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் ஓடும் துவாரங்களைச் சுற்றி அலுமினியம் எலி கொறித்தது போல அரிக்கப்பட்டிருந்தது. பிளொக்குக்குள் விரலை விட்டு எடுத்தார். மண்ணிறத்தில் கூழ். "சேர், இது சூட்டால போன எஞ்சின் இல்ல, கறலால போன எஞ்சின். சூடு கடைசியா வந்த விருந்தாளி" என்றார். ஹெட் காஸ்கட், ஹெட்டை மட்டமாகச் சீவிய கூலி, புது ரேடியேட்டர், நீர்ப் பம்பு, அவருடைய கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். ஆசிரியர் சம்பளத்தில் வாழ்பவர்களுக்கு இதன் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் பெருநாள் உடுப்பு பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

இனி நான் சொல்ல வந்த விடயம். கூலண்ட் என்ற பெயரே நம்மைப் பிழையாக வழிநடத்துகிறது. குளிர்விப்பது மட்டும்தான் வேலையென்றால் ஓய்வறையில் அந்த சேர் சொன்னது சரிதான். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலண்ட் கலவையை விடக் கெட்டி. எதிலீன் கிளைக்கோல் பாதியும் நீர் பாதியுமான கலவையின் தன்வெப்பக் கொள்ளளவு நீரினதை விடக் குறைவு. இதை ஒளிக்க வேண்டியதில்லை. பனியில் உறையாமல் காப்பதும் அதன் ஒரு வேலை. பாதிக்குப் பாதி கலந்தால் சைபருக்குக் கீழே 37 பாகை வரைக்கும் உறையாது. அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ அது நமக்குத் தேவையில்லை என்பதும் உண்மை.

ஆனால் அந்தக் கேனுக்குள் நமக்கு வேண்டிய வேறு இரண்டு விடயம் இருக்கிறது.

ஒன்று, கொதிநிலை. பாதிக்குப் பாதி கலவை சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஏறக்குறைய 107 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். அது மூடி தாங்கிப் பிடிக்கும் மேலதிக அமுக்கம். பிரஷர் குக்கரும் இதே கதைதான்: அமுக்கம் கூடினால் கொதிநிலை கூடும். 1.1 மூடி போட்ட தொகுதியில் தண்ணீர் 120 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும், கலவையோ 130க்கு அருகில். மலையேற்றத்தில், ஏசி போட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்தப் பத்துப் பாகை பெரிய இடைவெளி. மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். சில நூறு ரூபாயோ ஓரிரு ஆயிரமோ கொடுத்து அதே எண்ணுள்ள புது மூடி போடுவது நான் அறிந்த மிக மலிவான காப்புறுதி.

இரண்டாவது, கறல். எனக்கு இதுதான் முக்கியம். உங்கள் எஞ்சினில் வார்ப்பிரும்பு இருக்கலாம், அலுமினியம் இருக்கிறது, சில பழைய ரேடியேட்டரில் செப்பும் பித்தளையும் ஈயப் பற்றும் இருக்கிறது. வெவ்வேறு உலோகங்கள், நடுவே உப்புக் கரைந்த சூடான நீர். பத்தாம் பதினோராம் தரப் பிள்ளையிடம் கேட்டால் இது ஒரு மின்கலம் என்று சொல்லும். எது தாக்கவீதத் தொடரில் மேலே இருக்கிறதோ அது கரையும். நம் ஊர்க் கரையோரக் கிணறுகளின் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் எவ்வளவு என்று அறிய ஆய்வுகூடம் போகத் தேவையில்லை, குசினிக்குப் போய்க் கேத்தலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள் எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் ஒட்டுகிறது. அதாவது குளிர்ச்சி எங்கே அதிகம் வேண்டுமோ அங்கேயே போர்வை போர்த்துகிறது.

கூலண்டில் கிளைக்கோலோடு அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள் கலந்திருக்கின்றன. உலோகத்தின் மேல் அவை ஒரு மெல்லிய காப்பு போடுகின்றன. ஆனால் அவை செலவாகும் பொருட்கள். காலம் போகப் போகத் தீர்ந்துவிடும். கிளைக்கோலும் சூட்டிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்து அமிலமாகும். ஆகவேதான் ஒழுக்கே இல்லாமல், அளவு குறையாமல் இருந்தாலும் கூலண்டை மாற்ற வேண்டும். "குறையல்லையே, பிறகு என்னத்துக்கு மாத்துற?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எஞ்சின் ஓயில் அளவு குறையாவிட்டாலும் மாற்றுகிறோமே.

இன்னொரு விடயம், இது கிலோமீற்றரால் மட்டும் வருவதில்லை. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் என் கார் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றது. மீற்றர் ஏறவில்லை. ஓடாத காருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கிணற்றுத் தண்ணீர் விடுமுறை எடுக்காமல் வேலை செய்திருக்கிறது.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? காரின் கைப்புத்தகத்தைப் பாருங்கள். பழைய வகைப் பச்சைக் கூலண்டுக்குப் பொதுவாக இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீற்றர். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நீண்டகாலக் கூலண்டுக்கு முதல் தடவை 160,000 கிலோமீற்றர், அதன் பிறகு ஒவ்வொரு 80,000த்துக்கும் என்று போட்டிருப்பார்கள், ஆண்டுக் கணக்கும் சேர்த்து. ஆனால் மூன்று கை மாறி நம்மிடம் வந்த காரில் கம்பனிக் கூலண்ட் இருக்கிறது என்று நம்பி அந்தப் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் இன்றையிலிருந்து புதுக் கணக்கு. நிறத்தையும் நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம். நிறத்துக்கென்று எல்லாக் கம்பனிக்கும் பொதுவான சட்டம் கிடையாது. கேனில் எழுதியிருக்கும் வகையைக் கைப்புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். வேறு வேறு வகையைக் கலந்தால் பாதுகாப்புக் குறையும், சில கலவைகள் கூழாகவும் உறையும்.

இப்போது வீட்டில் செய்த கதை.

பாஸ் கூலண்ட் போட்டுத்தான் தந்தார். இரண்டு வருடம் கழித்து அடுத்த மாற்றத்தை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை காலை. எஞ்சின் இரவு முழுக்க ஆறிக் கிடந்தது. இதில் சமரசமே இல்லை. அரை மணித்தியாலத்துக்கு முன் கடைக்குப் போய் வந்த கார் என்றாலும் கை வைக்கக்கூடாது. மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வடிகட்டைக்குக் கீழே குசினியில் ஒதுக்கிய பேசினை வைத்தேன். (எந்தப் பேசின் என்பதில் மனைவியோடு சிறு பேச்சுவார்த்தை நடந்தது. அது மறுபடி குசினிக்குள் போகவில்லை.) அந்தக் கட்டை பிளாஸ்டிக். குறடு பிடித்துத் திருகினால் உடையும், கையால் போதும். ஹீட்டர் உள்ள கார் என்றால் அதை முழுச் சூட்டுக்குத் திருப்பி வைக்க வேண்டும், அதற்குள் இருப்பதும் சுற்றுக்கு வரட்டும் என்று.

என் காரின் மொத்தக் கொள்ளளவு புத்தகப்படி 4 லீற்றர். வடிந்ததை ஒரு லீற்றர் போத்தலால் அளந்தேன், 2.6 லீற்றர். மிச்சம் 1.4 எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் நிற்கிறது. இந்தக் கணக்கைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கழுவுவதற்காகத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகி ரேடியேட்டர் விசிறி போடும் வரை பார்த்து, பிறகு நன்றாக ஆறவிட்டு மீண்டும் வடிப்பது ஒரு சுற்று. வடிவது தெளியும் வரை இதைச் செய்ய வேண்டும். எனக்கு மூன்று சுற்று. முதல் இரண்டுக்கும் ஆர்.ஓ. தண்ணீர், கடைசிக்குக் காய்ச்சி வடித்த நீர். கடைசியிலும் அந்த 1.4 லீற்றர் உள்ளேயே நிற்கும், இப்போது தண்ணீராக. அதன் மேல் கலந்து விற்கும் கூலண்டை 2.6 லீற்றர் ஊற்றினால் என்ன ஆகும்? பாதிக்குப் பாதி என்று கேனில் போட்டிருக்கும், ஆனால் காருக்குள் கிளைக்கோல் நூற்றுக்கு 33கூட வராது. ஆகவே கழுவுபவர்கள் கலக்காத கூலண்டை வாங்க வேண்டும். நான் 2 லீற்றர் கலக்காததை முதலில் ஊற்றி, மீதி 0.6க்கு வடித்த நீர் விட்டேன். மொத்தம் 4இல் 2. கணக்குச் சரி. கழுவாமல் வடித்து நிரப்புவது மட்டும் என்றால் அதே வகையில் கலந்து விற்பதை வாங்கினால் வேலை சுலபம்.

வடித்த நீர் பற்றரிக் கடையில் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: "பற்றரித் தண்ணி" என்று மட்டும் கேட்காதீர்கள். அசிட்டையும் சிலர் அதே பெயரில்தான் விற்கிறார்கள்.

நிரப்பியதும் மூடியைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாகக் கடற்கரைப் பக்கம் ஓட்டிப் போனேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் கொட கொட என்று ஒரு சத்தம், ஹுக்கா குடிப்பது போல. காற்று. உள்ளே காற்று சிக்கியிருந்தால் அந்த இடத்துக்குக் கூலண்ட் போகாது, ஹெட்டின் ஒரு மூலை தனியே வேகும். வெட்கத்தோடு திரும்பி வந்து, முழுக்க ஆறவிட்டு, காரின் முன்பக்கம் உயர்ந்து நிற்கும்படி வாசல் சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். குமிழி குமிழியாக வந்தது. வர வர அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேமொஸ்டற் வால்வு திறந்ததும் ஒரேயடியாக ஒரு மடக்கு உள்ளே இழுக்கும். குமிழி நின்ற பிறகுதான் மூடி. மேலதிகத் தாங்கியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிரப்பி, அடுத்த ஒரு கிழமை ஒவ்வொரு காலையும் பார்த்தேன். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றது. ஒரு கிழமைக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் அது ஒழுக்கு. அதற்கு மருந்து புதுக் கூலண்ட் இல்லை, கராஜ்.

தேமொஸ்டற் வால்வு என்றதும் ஒரு கோபம் ஞாபகம் வருகிறது. "எங்கட நாட்டுச் சூட்டுக்கு இது தேவையில்ல" என்று அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த வால்வு பல கார்களில் 82க்கும் 88க்கும் இடையில் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கே வர நேரமெடுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும். சில எஞ்சின்களில் அந்த வால்வு திறக்கும்போதே சுற்றுவழியை மூடவும் செய்கிறது. கழற்றிவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும். பழுதென்றால் புதிது போடுங்கள், கழற்றி எறியாதீர்கள்.

வடித்ததை என்ன செய்வது? எனக்கு இதுதான் மிகச் சங்கடமான கேள்வி. எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், ஆனால் நஞ்சு. நான் வேலை செய்யும்போதே பக்கத்து வீட்டுப் பூனை பேசினை மோந்து பார்க்க வந்தது. மகனைக் காவலுக்கு நிறுத்தினேன். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை, நிறமும் சர்பத் போலவே இருக்கும். யாராவது ஒரு வாய் குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி. கானில் ஊற்றாதீர்கள், கிணற்றடியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நம் மணல் நிலத்தில் இன்று ஊற்றியது எவ்வளவு ஆழத்துக்குப் போகும், யார் கிணற்றுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும். பழைய கூலண்டில் எஞ்சினிலிருந்து கரைந்த உலோகமும் இருக்கிறது. நான் கேனில் மூடி, "நஞ்சு, பழைய கூலண்ட்" என்று எழுதி ஒட்டி, களஞ்சிய அறையில் உயரத்தில் வைத்திருக்கிறேன். கழிவு ஓயிலோடு கலக்கவும் கூடாது. குப்பை வண்டி அனுப்பும் உள்ளூராட்சி சபைகள் வருடத்துக்கு ஒரு நாளாவது இப்படியான திரவங்களைச் சேகரிக்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். வாக்குக் கேட்டு வரும்போது வடிகான் பற்றிப் பேசுபவர்களிடம் இதையும் கேட்போம்.

சிலர் கேட்கலாம்: எல்லோரும் வீட்டிலேயே செய்தால் பாஸ்மாரின் வயிற்றில் அடிப்பதாகாதா? என் காரைத் திருத்திய பாஸிடமே இதைக் கேட்டேன். "சேர், கூலண்ட் மாத்தச் சொன்னா நூறு பேர்ல அஞ்சு பேரும் வாறதில்ல. ஹெட்டு போனாத்தான் வாறாங்க. அழுதுட்டு நிக்கிறவங்கள்ட்ட கூலி வாங்க எங்களுக்கும் விருப்பமில்ல" என்றார். நல்ல மனிதர். பெரிய வேலைக்கு இன்றும் அவரிடம்தான் போகிறேன்.

எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஹைபிரிட் கார்களில் எஞ்சினுக்கு ஒரு சுற்று, இன்வேர்ட்டருக்கு இன்னொரு சுற்று என்று தனித்தனியாக இருக்கும். சிலவற்றில் பம்பும் மின்சாரத்தில் ஓடுவது, காற்று எடுக்கத் தனி முறை வேண்டும். அதில் பரிசோதனை செய்யாதீர்கள். கூலண்டில் எண்ணெய் மிதந்தாலோ, ஓயில் மூடிக்கு அடியில் பாலாடை போலப் படிந்திருந்தாலோ அதுவும் நம் கை வேலை இல்லை. ஆனால் சாதாரணச் சின்னக் கார் வைத்திருக்கும் ஒருவருக்கு இது ஒரு காலை வேலை, ஆறவிடும் நேரத்தையும் சேர்த்தால் அஸர் வரை. எனக்குக் கூலண்டும் வடித்த நீரும் புது மூடியும் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் முடிந்தது. முதல் கணக்கை மேலே எழுதியிருக்கிறேன்.

வேறு கார் வாங்கலாமே என்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் ஆசிரியர்கள் ஷோரூம் வாசலில் நிழலுக்குத்தான் ஒதுங்கலாம். இப்போது முற்றத்தில் நிற்கும் இந்தக் கார்தான் என் ஓய்வூதியம் வரைக்கும் ஓட வேண்டும். உங்களில் பலருக்கும் அப்படித்தான்.

கடந்த மாதம் ஒன்பதாம் தரத்துக்கு அமிலமும் காரமும் படிப்பித்தபோது ஓய்வறை சேரின் ரேடியேட்டரிலிருந்து ஒரு சிறு போத்தல் தண்ணீர் கேட்டு வாங்கினேன். மண்ணிறம். நீலப் பாசிச்சாயத் தாளை நனைத்தோம். மெல்லச் சிவந்தது. பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு ஓய்வறைக்கே ஓடி சேரிடம் காட்டினார்கள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தேசிக்காய்த் தண்ணியில நனைச்சதா?" என்று கேட்டார். புதன்கிழமை அவர் சொன்ன பதிலை மேலே எழுதிவிட்டேன். ஆனால் மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு பின்னால் வந்து மெதுவாக, "அந்தப் புனலும் பேசினும் உங்கள்ட்ட இரிக்கா?" என்று கேட்டார். இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை அவர் வீட்டு முற்றத்தில். காரை வெள்ளி இரவே நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன்.